சி கதவுக்காரர்கள்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள், அதாவது லயங்கள், ஒன்பது இருந்தன. லயத்துக்கு ஆறு கதவு, கதவுக்கு ஒரு குடும்பம். லயத்தை எண்ணால் சொல்வோம், கதவை ஆங்கில எழுத்தால். நான் பிறந்தது ஏழாம் லயம், சி கதவு. எழுபதுகளின் நடுவில் அம்மா, பத்து காஜா என்ற ஊர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அப்பா அதற்கும் முன்பே போயிருந்தார். அதன் பிறகு அந்தக் கதவுக்குள் என்னை வளர்த்தது அக்கா. என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். பால்வெட்டு முடிந்து மதியம் வந்து எனக்குச் சோறு போட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள்.

தோட்டத்து ஆபீசில் பெயர்ப் பதிவை எழுதியவரைக் கிராணி என்போம். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. இந்த நாட்டில் எங்கள் பெயர்களுக்கு நடுவே, இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்பதைக் காட்ட a/l, a/p என்று எழுதுவார்கள். அந்தக் கோடு வலப்பக்கம் சாய்ந்திருக்கும். வீட்டு எண்ணிலும் அதே கோட்டைப் போட்டால் பெயர் எது, வீடு எது என்று குழம்பும் என்பதற்காக, கதவுக்கு அவர் கோட்டை இடப்பக்கம் சாய்த்துப் போடுவார். எங்கள் வீடு 7\c. சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரித் துண்டு, அடையாள அட்டைக்குக் கொடுத்த விண்ணப்பப் பாரம், எல்லாவற்றிலும் அப்படித்தான். நானும் பள்ளிக்கூட நோட்டு அட்டையில் 7\c என்றுதான் எழுதினேன். அந்த எழுத்து என் பெயரைப் போலவே எனக்குப் பழகியிருந்தது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், பின்னால் நடந்ததற்கு இதைத் தவிர எனக்கு வேறு சமாதானம் இல்லை என்பதுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் இரண்டு வருடம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஈப்போவில் வேலைக்கு வந்தேன். குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். சன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்று பாதி வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். ஆபீஸ், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இருந்தது. மற்ற கம்பெனிகள் கொடுக்கும் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வரிசைப்படுத்தி, அச்சிட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். முதலாளி யாழ்ப்பாணத் தமிழர், ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். விவரங்களைத் தட்டச்சு செய்ய இரண்டு பெண்கள். நான் ஒருத்திதான் நிரல் எழுதுகிறவள்.

எனக்குப் பட்டியல் போடாமல் எதுவும் செய்ய வராது. வேலை வந்ததும் முதலில் ஒரு தாளில் எண் போட்டு எழுதிவிடுவேன்: என்ன வருகிறது, என்ன போகவேண்டும், எதைச் சோதிக்கவேண்டும். அந்தத் தாள்கள் இன்றும் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. சோதனைப் பட்டியலில் எட்டு வரி இருக்கும். அந்த வேலைக்கு ஏழு எழுதியிருக்கிறேன்.

அந்த வேலை எங்கள் தோட்டத்துடையது. தோட்டத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கியிருந்தது. ரப்பர் மரங்களை வெட்டி, நிலத்தைத் துண்டு போட்டு, வீடு கட்டப்போகிறார்கள். லயத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு லாட், அதாவது ஒரு சின்ன வீட்டுமனை, என்று பேச்சு முடிந்திருந்தது. அதற்கான பட்டியல் எங்கள் ஆபீசுக்கு வந்தது. அச்சான பட்டியலைத் தோட்டத்து ஆபீஸ் பலகையில் ஒட்டுவார்கள். ஒட்டிய நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அவரவர் லாட் எண்ணுக்கு எதிரே வந்து கையெழுத்துப் போடவேண்டும். போடாத லாட் வெளியே காத்திருப்பவர்களுக்குப் போய்விடும்.

அக்காவிடம் போய், "உங்க லிஸ்ட்ட நான்தான் செய்யுறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவளுடைய லாட் எண் 112 என்பதைச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது ஆபீஸ் விதி, நான் விதிகளை மதிக்கிறவள். அக்காவும் கேட்கவில்லை. அடுப்படியில் திரும்பிப் பார்க்காமல், "நல்ல எடமா பாத்துப் போடுலா" என்று சிரித்தாள். மாமா, அக்காவின் வீட்டுக்காரர், "மேட்டுப்பக்கமா பாத்து அடி புள்ள, பள்ளத்துல தண்ணி நிக்கும்" என்றார். மெசினில் அடிப்பவள்தான் இடத்தைத் தீர்மானிக்கிறாள் என்பதுபோல.

பட்டியல், கிராணி கையால் எழுதிய தாள்களாக வந்திருந்தது. தட்டச்சுப் பெண்களில் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, வீட்டு நம்பருல கோடு தலகீழா சாஞ்சிருக்கு. மாத்தி அடிக்கவா?"

"தாள்ல என்ன இருக்கோ அப்படியே அடி. நம்ம யாரு மாத்துறதுக்கு?" என்றேன்.

அது நல்ல விதிதான். பெயர்களில் தட்டச்சுக்காரர்கள் தம் இஷ்டத்துக்குத் திருத்தம் செய்து வந்த வம்புகளுக்குப் பிறகு நானே போட்ட விதி.

அடுத்தது என் பங்கு. ஷெல் ஸ்கிரிப்ட் என்பது கம்ப்யூட்டருக்கு ஒன்றன்பின் ஒன்றாக இடவேண்டிய கட்டளைகளை எழுதிவைத்த கோப்பு. என் ஸ்கிரிப்ட் செய்த வேலை மிகச் சின்னது. தலைப்பை அச்சிடு. கோப்பிலிருந்து ஒரு வரியை எடு. அதை அச்சிடு. அடுத்த வரி. வரியில் வரிசை எண், பெயர், கதவு, அடையாள அட்டை எண், லாட் எண். அச்சிட ‘எக்கோ’ என்ற கட்டளையைப் பயன்படுத்தினேன். வகுப்பில் முதல் நாளே கற்றுத்தருவது அதுதான். கொடுத்த சொல்லைத் திருப்பிச் சொல்லும், வேறு ஒன்றும் செய்யாது என்று நினைத்திருந்தேன்.

எங்கள் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஐம்பத்து நான்கு குடும்பம், ஐம்பத்து நான்கு வரி. திரையில் எல்லாம் நேராக நின்றது. முப்பத்தொன்பதாவது வரியில் அக்கா, 7\c, 112. கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வீடு வீடு மாதிரியே இருந்தது.

ஆனால் அச்சிட்டது எங்கள் இயந்திரத்தில் அல்ல. வீடமைப்புக் கம்பெனி புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தது. தங்கள் முத்திரை போட்ட தாளில், தங்கள் பிரிண்டரில்தான் அச்சிடவேண்டும் என்றார்கள். கோப்பையும் ஸ்கிரிப்டையும் டேப்பில் கொடுத்தனுப்பினேன். இரண்டு இயந்திரத்தையும் ஓட்டியது யூனிக்ஸ் என்ற மென்பொருள்தான். ஒன்று பல்கலைக்கழகத்தில் வளர்ந்த கிளை, மற்றது கம்பெனியில் வளர்ந்த கிளை, ஒரே பெயர். ஒன்றில் ஓடுவது மற்றதிலும் ஓடும் என்று விற்கிறவர்கள் சொன்னார்கள். ஓடத்தான் செய்தது. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. என் ஏழு வரிச் சோதனைப் பட்டியலில் "அச்சான தாளைக் கண்ணால் பார்" என்ற வரி இல்லை. வழக்கமாக எட்டாவதாக இருப்பது அதுதான். தாள் நம்மிடம் வராதே என்று அதை எழுதாமல் விட்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு பையில் மரவள்ளிக் கிழங்கும் முருங்கைக் கீரையும்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?"

"ஆமாலா, நீ பெரிய ஆபீசரு. ஒங்கிட்ட சூராட் போட்டுட்டுத்தான் வரணும்." சூராட் என்றால் கடிதம். வழக்கமான கேலிதான், ஆனால் முகம் கேலியில் இல்லை. தண்ணீர் குடித்தாள். கிழங்கை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள்.

"லிஸ்ட்டு ஒட்டிட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு."

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"எதுல போடுறது? நமக்குத்தான் நம்பரே இல்லையே."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். "இருக்கு, நீ சரியா பாக்கல."

"நான் மட்டும் பாக்கல. ஒன்பது லயத்துலயும் சி கதவுக்காரங்க எல்லாரும் பாத்துட்டோம். எங்க பேர டி கதவோட சேத்துப் போட்டிருக்கு. ஒரே வரியில ரெண்டு பேரு, கடைசியில ஒரு லாட்டு. அது டி கதவுக்காரங்களுக்காம். எங்கள ஒட்டுக்குடின்னு சொல்லுறாங்க. அவங்க வீட்டுல ஒண்டிக்கிட்டு இருக்குற சொந்தக்காரங்கன்னு."

"ஆபீஸ்ல போயி கேக்கலையா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "மத்தவங்க கேக்கப் போலாம்னுதான் கெளம்பினாங்க. நான்தான் நிறுத்தினேன். என் தங்கச்சி செஞ்ச லிஸ்ட்டு, தப்பா இருக்காது, ஏதோ காரணமாத்தான் சி கதவ தனியா வச்சிருக்கா, ரெண்டாவது லிஸ்ட்டுன்னு ஒண்ணு வரும், தொல்ல, சூசா எதுவும் குடுக்காம சும்மா இருங்கன்னேன். நான் சொன்னேன்னு இருந்துட்டாங்க." கிழங்கு முடிந்துவிட்டது. பையை மடித்தாள். "நேத்து கம்பெனிக்காரன் லயத்துக்கு வந்து சொல்லிட்டுப் போயிட்டான். கையெழுத்து முடிஞ்சிருச்சாம். ரெண்டாவது லிஸ்ட்டுல்லாம் கெடையாதாம். உண்மையாவாலா?"

அவள் ரவிக்கைக்குள்ளிருந்து பட்டியலின் நகல் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வியர்வையில் ஈரமாக இருந்தது. முப்பத்தொன்பதாவது வரி. அக்காவின் பெயர். பிறகு 7. அதன் பிறகு இடைவெளிகூட இல்லாமல் 40, டி கதவுக்காரர் பெயர், 7\d, அவருடைய அட்டை எண், அவருடைய லாட்.

ஒரு நிமிடத்துக்குள் புரிந்துவிட்டது. புரிய அதற்கு மேல் நேரம் ஆகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் இயந்திரத்தின் எக்கோ, கொடுத்ததை அப்படியே சொல்லும். அவர்களுடைய எக்கோ, இடப்பக்கம் சாய்ந்த கோட்டைக் கண்டால் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளாது. அடுத்து வருவது உத்தரவு என்று எடுத்துக்கொள்ளும். கோட்டுக்குப் பிறகு b வந்தால் ஓர் எழுத்து பின்னால் போ. f வந்தால் அடுத்த பக்கத்துக்குத் தாவு. c வந்தால் இத்தோடு நிறுத்து, மிச்சத்தைச் சொல்லாதே, வரியைக்கூட முடிக்காதே. a, d, e மூன்றும் அந்த இயந்திரத்துக்கு உத்தரவு இல்லை. அதனால் ஏ, டி, ஈ கதவுக்காரர்கள் எழுத்து மாறாமல் தப்பித்தார்கள். பி கதவில் எழுத்து மட்டும் காணாமல் போய், லாட் எண் ஓரிரு இடம் நகர்ந்து நின்றது. எஃப் கதவு வரும்போதெல்லாம் தாள் பாதியில் தாவியிருக்கிறது. அங்கே இருந்த ஆப்பரேட்டர் பிரிண்டரில் தாள் வழுக்குகிறது என்று நினைத்து, துண்டுகளைக் கத்தரித்து ஒட்டி, நகல் எடுத்து, ஒழுங்கான பட்டியலாக்கிப் பலகைக்கு அனுப்பியிருக்கிறார். பொறுப்பானவர். அவர் அவ்வளவு பொறுப்பாக இல்லாமல் இருந்திருந்தால், தாவிய தாளைப் பார்த்து யாராவது எனக்குப் போன் செய்திருப்பார்கள்.

அக்காவுக்கு இதை எப்படிச் சொல்வது? "தப்பு என்னோடதுக்கா," என்றேன். "நான் வேற மெசின்ல சோதிக்கல."

"மெசினு தப்பா, நீ தப்பா?"

"நான்."

நகலை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். பிறகு, "அத லயத்துல வந்து சொல்லாத. நான் அங்கதான் இருக்கணும்," என்றாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக அச்சிடும் பகுதியை மாற்றி எழுதினேன். எக்கோவை விட்டுவிட்டு ‘ஆக்’ என்ற கருவிக்குள் இருக்கும் ‘பிரிண்ட்எஃப்’ மூலம் அச்சிட்டேன். அது வடிவத்தையும் சொல்லையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கும். இது வடிவம், இது சொல். கோப்பிலிருந்து வரும் சொல்லுக்குள் எந்தப் பக்கம் சாய்ந்த கோடு இருந்தாலும் அது வெறும் சொல்தான். பதினைந்து நிமிட வேலை. முதல் முறையே அப்படி எழுதியிருந்தாலும் பதினைந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். தாளை இரண்டு இயந்திரத்திலும் எடுத்தேன், கண்ணால் வரிவரியாகப் பார்த்தேன். ஐம்பத்து நான்கு.

தாளோடு வீடமைப்புக் கம்பெனிக்குப் போனேன். வாசலில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த அதிகாரி மரியாதையானவர். மலாயில் பேசினார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஆப்பரேட்டரைக் கூப்பிட்டு விசாரித்தார். பிறகு வாசலிலிருந்து வந்த என் அட்டையை எடுத்து, முகவரியைப் பார்த்தார். நான் ஈப்போவுக்கு வந்த பிறகும் அதை மாற்றவில்லை. பட்டியலில் முப்பத்தொன்பதாவது வரியில் விரலை வைத்தார்.

இது உங்கள் வீடா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இவர் யார்? என் அக்கா. மூலத் தாள்கள் எங்கே? தோட்டத்து ஆபீசுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், ஆபீஸை மூடிவிட்டார்கள், கிராணி வேலையை விட்டுப் போய்விட்டார். அப்படியானால் இந்தப் புதுப் பட்டியல் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து, நீங்கள் எடுத்தது? ஆமாம்.

அவர் குற்றம் சாட்டவில்லை. கையெழுத்துப் போடாமல் விட்ட சில மனைகள் பள்ளத்துப் பக்கம், முன்பு ஈயம் தோண்டிய பழைய குட்டை ஓரம், மீதம் இருப்பதாகச் சொன்னார். உங்கள் முதலாளி கம்பெனிக் கடிதத்தில், அச்சுப் பிழை என்று பெயர்களோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், மேலே அனுப்புகிறேன் என்றார். அட்டையைத் திருப்பித் தரும்போது மட்டும், சொந்தக்காரர் பெயர் உள்ளே இருந்தால் மேலே உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது என்றார்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும்.

"பிள்ளை, உம்மட அக்கா அதில இருக்கிறா எண்டு ஏன் முதல்லயே சொல்லேல்ல?"

"வேலைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு நெனச்சேன், சார்."

"இப்ப இருக்குதே. தோட்டத்துப் பிள்ளை எண்டு தெரிஞ்சுதான் உம்மை எடுத்தனான், அதில எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா கேளும். பிழை விட்டது நாங்கள் எண்டு எழுதித் தாறன். அது நியாயம். அக்காவின்ட பேரும் அதில இருந்தா, தங்கச்சி தமக்கைக்குக் காணி எடுத்துக் குடுக்க லிஸ்ட்டை மாத்தினவள் எண்டுதான் கதைப்பாங்கள். பிறகு மற்ற எட்டுப் பேருக்கும் இல்லை. விளங்குதே?"

"அக்காவுக்கும் லாட் இருக்கு சார். நூத்தி பன்னெண்டு. கோப்புல இருக்கு."

"கோப்பு உம்மட கையில இருக்கு. அதுதான் பிரச்சினை."

எனக்கு விளங்கியது. அது தர்க்கப்படியும் சரியாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அந்த வாரக் கடைசியில் தோட்டத்துக்குப் போனேன். பாதி மரங்களை ஏற்கெனவே சாய்த்திருந்தார்கள். லயத்து முற்றத்தில் துணி காயப்போட்டிருந்தவர்கள் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். நாலாம் லயத்து சி கதவுக்கார அம்மா மட்டும் குரல் கொடுத்தார்: "என்னம்மா, எங்க பேருன்னா ஒன் மெசினுக்கு எளக்காரமா? சி-ன்னு சொல்லித் துப்பிருச்சு போல?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. சொல்லாதே என்று அக்கா சொல்லியிருந்தாள். எனக்கு ஒன்றும் சொல்லாமல் போக முடியவில்லை. "இல்லங்கம்மா. நான்தான் சரியா பாக்கல. மன்னிச்சிருங்க," என்றேன்.

சிரிப்பு நின்றது. அந்த அம்மா துணியைப் பிழிந்தபடியே கேட்டார்: "அப்ப லாட்டு கெடைக்குமா, கெடைக்காதா?"

"கடிதம் எழுதுறோம்."

"எழுது, எழுது. எழுதித்தான இப்படியாச்சு."

உள்ளே அக்கா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சொல்லிவிட்டாயே என்று கோபிக்கவில்லை. மாமா வெளியே போயிருந்தார். அதிகாரி சொன்னதையும் முதலாளி சொன்னதையும் ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னேன். எனக்குத் தெரிந்த வழிகளையும் சொன்னேன். ஒன்று, ஒன்பது பேரையும் போடச் சொல்லி முதலாளியிடம் மறுபடி கேட்பது. இரண்டு, நான் வேலையை விட்டுவிட்டு, ஒன்பது பேரோடும் வெளியாளாகத் தொழிற்சங்கத்துக்குப் போவது. மூன்று, கிராணியைத் தேடிப்பிடித்து அவர் கையெழுத்தில் வாங்குவது.

"அவரு எங்க இருக்காரு?"

"பாகான் செராய்ல மகன் வீட்டுல இருக்காருன்னு சொல்றாங்க. விலாசம் தெரியல."

"அதுக்குள்ள பள்ளத்து லாட்டும் போயிரும்." அக்கா கையில் இருந்த சுளகைக் கீழே வைத்தாள். "எங்க பேர எடுத்துரு."

"அக்கா..."

"அவங்க கேக்கப் போனாங்க. நான்தான் தடுத்தேன். நீ செஞ்ச தப்பு ஒண்ணு. நான் சொன்ன தப்பு ஒண்ணு. எட்டுப் பேரு முகத்துல நான் எப்படிலா முழிக்கிறது? எடுத்துரு. எடுத்துட்டு எழுது."

"மாமா?"

"அவருகிட்ட நான் பேசிக்கிறேன்."

நான் மறுத்துப் பேசினேன். எவ்வளவு மறுத்தேன் என்று பின்னால் பல முறை எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நிறைய இல்லை. பஸ் நேரம் வரை.

கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். கம்ப்யூட்டரில் அல்ல, ஆபீசில் இருந்த பழைய தட்டச்சுப்பொறியில். ஒன்றாம் லயம் சி, இரண்டாம் லயம் சி என்று இறங்கி வந்தேன். ஆறுக்குப் பிறகு எட்டு. கோட்டை இடப்பக்கம் சாய்க்க அந்தத் தட்டச்சுப்பொறியில் எழுத்தே இல்லை. அதனால் ‘கதவு சி’ என்றே அடித்தேன். முதலாளி ஒவ்வொரு பெயரையும் விரலால் தொட்டு எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "அக்காவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறன் எண்டு சொல்லும்," என்றார். நான் அதை அக்காவிடம் சொல்லவில்லை.

எட்டுப் பேருக்கும் கிடைத்தது. ஈயக்குட்டை ஓரத்து மனைகள்தான், மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். ஆனாலும் அவர்கள் பெயரில் இருக்கிறது. 112 மேட்டுப்பக்கத்து மனை. வெளியாள் ஒருவர் வாங்கி, கேட்டுக்குப் பச்சைச் சாயம் அடித்திருக்கிறார். அந்த வழியாகப் போகவேண்டாம் என்று நான் சுற்றிப் போவேன்.

வேலையை நான் விடவில்லை. விடுவதால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. அதன் பிறகு எழுதிய ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும் நாலு வரிச் சோதனை ஒன்று வைத்திருக்கிறேன். அந்த இயந்திரத்தின் எக்கோ எந்த வகை என்று முதலில் அதனிடமே கேட்டுப் பார்க்கும். யாருடைய விவரத்தையும் எக்கோவின் கையில் கொடுப்பதில்லை. எங்களிடம் வேலைக்குச் சேரும் புதியவர்கள் இது எதற்கு, இந்த ஊரில் எல்லாரிடமும் ஒரே மாதிரி இயந்திரம்தானே என்கிறார்கள். இருக்கட்டும் என்பேன். காரணம் சொல்வதில்லை.

லயங்களை இடித்தபோது அக்காவும் மாமாவும் பத்து காஜா சந்தைக்குப் பின்னால் ஓர் அறைக்குப் போனார்கள். அக்கா ஒரு தொழிற்சாலையில் தரை துடைக்கிறாள். மாமா லாரியில் கூலியாகப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ச் சாப்பிட்டு வருவேன். என் வாடகை வீட்டுக்கு வந்து இருங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். வரவில்லை.

போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா தட்டைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார். நாலாம் லயத்து அம்மா வீட்டுக்குக் கூரை போட்டு, பால் காய்ச்சுகிறார்களாம். இவர்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"எட்டு சி கதவுக்கும் குடுத்தானுங்க. நமக்கு மட்டும் ஏன்லா விட்டுட்டானுங்க? அதான் எனக்கு வெளங்க மாட்டேங்குது. நீ படிச்ச புள்ளையாச்சே, அந்தக் கடுதாசிய அடிச்சவளாச்சே. சொல்லு, ஏன் விட்டானுங்க?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நம்ம பேரு லிஸ்ட்டுல வரல. அவ்வளவுதான். அவள என்ன கேள்வி கேக்குறீங்க, சாப்பிட விடுங்க," என்றாள்.

மாமா என்னிடம் ஊறுகாய்க் கிண்ணத்தைத் தள்ளினார். எடுத்துக்கொண்டேன்.